பேருந்தில் ஒரு நாள் பயணம்

பயணம் என்றதும் நம் உள்ளம் துள்ளுகிறது. பெற்றோர் உள்ளமோ பதறுகிறது. இரண்டையும் அமைதிப்படுத்துவது நல்ல திட்டமே. தேனியிலிருந்து லோயர் கேம்ப் சென்று வருவதை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் திரும்பும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டுமானால், மூன்று மணிக்கே லோயர் கேம்ப்பில் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு பேருந்து தவறினாலும் அடுத்ததைப் பிடிக்கலாம். இவ்வாறு பின்னோக்கிக் கணக்கிட்டால், காலை எட்டு மணிக்குப் புறப்படுவது நலம்.

குமுளிப் பேருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகச் செல்லும். "லோயர் கேம்ப்பில் நிற்குமா?" என்று நடத்துநரிடம் கேட்ட பிறகே ஏற வேண்டும். சில்லறை, குடிநீர், கட்டுச்சோறு மூன்றும் அவசியம்.

வழியில் காணும் நெல்வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் நமக்கு ஒரு பாடம். மேற்கே ஓடிய பெரியாற்றை 1895-இல் கட்டி முடித்த அணை தடுத்தது. மலையைக் குடைந்த சுரங்கம் அந்நீரைக் கிழக்கே திருப்பியது. அது லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, முல்லையாற்றில் சேர்ந்து நம் பள்ளத்தாக்கை வளமாக்குகிறது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் அவர்களின் மணிமண்டபம் 2013-இல் அங்கே திறக்கப்பட்டது. அணையோ கேரளக் காட்டுக்குள் இருப்பதால், பேருந்தில் போய்ப் பார்க்க இயலாது. இதை முன்பே அறிந்தால் ஏமாற்றம் இராது.

தோழியரே! போகும் இடம், துணைக்கு வரும் பெரியவர், திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுப்போம். சொன்ன நேரத்தில் ஒரு முறை திரும்பினால், அடுத்த பயணத்துக்கு அனுமதி எளிதில் கிடைக்கும்!