வலைவழி ஆராய்ச்சிப் பாடம் அமைக்க

அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெர்னி டாட்ஜ் 1995-இல் வகுத்த ‘வெப்குவெஸ்ட்’ என்னும் வலைவழி ஆராய்ச்சிப் பாட முறையைக் கையாள விரும்பும் ஆசிரியர், முதற்கண் வினாவைச் செப்பனிட வேண்டும். ‘புளூட்டோ எந்த ஆண்டில் கிரக ஸ்தானத்தை இழந்தது?’ என்று கேட்டால், மாணவன் 2006 என்று பார்த்தெழுதிவிட்டு எழுந்துபோவான். ‘அந்த ஸ்தானத்தைப் பறித்த தீர்மானம் நியாயமானதா?’ என்று கேட்டு, ஒரு குழுவை அதை நிறைவேற்றிய சர்வதேச வானியல் சங்கத்தின் சார்பிலும் மற்றொன்றைப் புளூட்டோவின் சார்பிலும் வாதிட நிறுத்தினாலோ, கிரகத்தின் லக்ஷணம் யாது, தன் பாதையிலுள்ள பிற பொருள்களை அகற்றும் வல்லமை ஏன் ஒரு நிபந்தனையாயிற்று என்றெல்லாம் அவர்களே துருவத் தொடங்குவர். பார்க்கவேண்டிய நாலைந்து வலைப்பக்கங்களை ஆசிரியரே முன்கூட்டிப் படித்துத் தேர்ந்து கொடுப்பது உத்தமம். இல்லையேல் தேடுவதிலேயே பாடவேளை கழிந்துவிடும் (பெரியோர்க்கும் இதே கதிதான்). எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுக.