சேமிப்பு வலையின் காவல்

பெருநிலையங்களிலே கணக்குகளைத் தாங்கும் டிஸ்க்குத் தொகுதிகளுக்கும் அவற்றை நாடும் சர்வர்களுக்கும் இடையே பைபர் சேனல் சுவிட்சுகள் நிற்கின்றன. அவற்றைக் காக்கும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சுவிட்ச் தன் நிலையை உணர்த்தும் வழி இரண்டு. மேற்பார்வைக் கணினி வினவ விடை பகர்தல் ஒன்று. இடர் நேர்ந்துழித் தானே கூவுதல் மற்றொன்று. 1988-ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்.என்.எம்.பி. என்னும் முறையில் முன்னது 161-ஆம் எண் வாயிலிலும், 'டிராப்' எனப்படும் பின்னது 162-ஆம் எண் வாயிலிலும் நடைபெறும். டிராப் இடைவழியில் தொலையினும் அனுப்பிய சுவிட்ச் அதனை அறியாது. மின்சாரமற்ற சுவிட்சோ கூவவே மாட்டாது. ஆகவே, ஓசை எழவில்லை என்பதுகொண்டு நலமே என்று துணிதல் பிழையாம்.

இனி, முற்றும் அற்றுப்போன இணைப்பு அத்துணைக் கொடிதன்று. இரட்டை வழி அமைத்திருப்பின் மற்றை வழி அதன் பணியை ஏற்றுக்கொள்ளும். குற்றுயிராய்க் கிடப்பதே கொடிது. கண்ணாடி இழையின் முனையிற் படிந்த சிறு தூசியால் சி.ஆர்.சி. பிழைகள் பெருகும், போர்ட்டின் விளக்கோ பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும். விளக்கை நம்பிய காவலர் ஏமாறுவர். பிழைத்தொகையை ஐந்து நிமிஷத்துக்கொருமுறையேனும் வினவி, முன்னைத் தொகைக்கும் பின்னைத் தொகைக்கும் உள்ள வேற்றுமையையே நோக்கல் வேண்டும். மொத்தத் தொகை சென்ற ஆண்டின் பழம்பிழையாகவும் இருக்கலாமன்றோ?

முதலிரு பதிப்புகளில் அடையாளச்சொல் மறைப்பின்றிச் செல்லும். அதனை 'பப்ளிக்' என்றே விட்டுவைத்தல், பூட்டின்மேல் திறவுகோலைத் தொங்கவிடுதலை ஒக்கும். 2002-இல் நியமமாகிய மூன்றாம் பதிப்பே தக்கது.

சுவிட்சுகளின் கடிகாரங்களையும் என்.டி.பி. முறையால் ஒன்றுபடுத்துக. அவை முரணின், இரு சுவிட்சுகளின் குறிப்புகளை ஒருங்கே வைத்து நோக்கினும் எப்பிழை முன்னர்த் தோன்றிற்றென்று அறியலாகாது.