சுவருக்கு முன் கணக்கு

எரியோடு

தம்பிக்கு,

நம் மனையின் முன்புறம் 40 அடி நீளத்திற்குக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பப் போவதாகவும், எத்தனை கல், எத்தனை மூட்டை சிமெண்ட் வாங்குவது என்று புரியாமல் தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். கொத்தனாரின் அனுபவம் மதிக்கத்தக்கதே. ஆயினும், பணம் போடுகிறவன் தானும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது அவர்மீது கொள்ளும் அவநம்பிக்கை அன்று, எடுத்த காரியத்தின்மீது வைக்கும் சிரத்தையாகும்.

கல்லின் அளவுக்கு இசையச் சுவரின் அளவை நிர்ணயிப்பதே இதில் முதல் சூத்திரம். கடையில் கிடைக்கும் சாலிட் பிளாக், இடையில் இடும் கலவையையும் சேர்த்து 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் பிடிக்கும். கனம் 6 அங்குலமாக இருக்கட்டும். நீ விரும்பிய 5 அடி உயரத்தை 8 அங்குலத்தால் வகுத்தால் ஏழரை வரி வருகிறது. அந்த அரை வரிக்காகக் கற்களை நெடுக்கே வெட்டிப் பாழாக்குவதைவிட, உயரத்தை 5 அடி 4 அங்குலமாக்கி முழுதாய் 8 வரி வைப்பதே விவேகம்.

வரிக்கு 30 வீதம் 240 கல். 4 அடி அகலக் கேட்டுக்கு வரிக்கு 3 வீதம் 24 கழிய, மீதி 216. இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி ஒன்றுவிட்ட வரிகளில் ஓரத்தில் வைக்கும் அரைக்கற்களும் இதிலேயே அடங்கிவிடும். சேதாரத்திற்கு நூற்றுக்கு 5 கூட்டி, 227 கல்லுக்குச் சொல்லிவிடு. சுவரை அணைத்து நிற்கும் தூண்களுக்கும் கடைக்காலுக்கும் தனிக் கணக்கு உண்டு.

ஒரு சென்டிமீட்டர் கனத்தில் இட்டால், இத்தனை கல்லுக்கு ஏறக்குறைய 7 கன அடி ஈரக் கலவை செல்லும். நீர் பட்டதும் உலர்ந்த சிமெண்டும் மணலும் அடங்கிக் குறையுமாதலால் மூன்றில் ஒரு பங்கும், சிந்துவதற்குச் சிறிதும் கூட்டினால் பத்தரை கன அடி ஆகிறது. ஒன்றுக்கு ஆறு என்னும் விகிதப்படி, இதில் ஏழில் ஒரு பங்காகிய ஒன்றரை கன அடி சிமெண்ட். மிச்சம் 9 கன அடி மணல். 50 கிலோ மூட்டை சுமார் ஒன்றேகால் கன அடியாதலின் 2 மூட்டை போதும். இருக்கட்டும் என்று ஐந்தாறு வாங்கி அடுக்கினால், ஐப்பசி மழையின் ஈரத்தில் அது கட்டிதட்டிப் போகும்.

கலவையைச் சட்டியால் அளந்து, அரைமணிக்குள் செலவாகுமளவு மட்டுமே நீர்விட்டுக் குழைக்கச் சொல். நம் பக்கத்து வெயிலுக்கு அஞ்சி, செங்கல்லைப் போல் இக்கல்லை நீரில் ஊறவிட்டுவிடாதே. ஊறிய கல் பின்னர் உலர்ந்து சுருங்கும்போது சுவர் வெடிக்கும். மேற்பரப்பில் லேசாகத் தெளித்தாலே போதுமானது.

வேலை முடிந்தபின், உண்மையில் செலவானதை இக்கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதிவை. எங்கே கூடிற்று, ஏன் கூடிற்று என்று ஆராய்ந்து அறிந்துகொண்டாயானால், நாளை நீ வீடு கட்டும்போது பிறர் மதிப்பீட்டை எதிர்பார்த்து நிற்க நேராது.

இப்படிக்கு,
உன் அண்ணன்