செந்நாயும் வேட்டை அறமும்

இந்தியக் காடுகளில் வாழும் ஊனுண்ணிகளுள் செந்நாயைப் போன்று பழிக்கு ஆளான விலங்குகள் மிகச் சிலவே. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அது ஒழிக்கத்தக்க விலங்காகக் கருதப்பட்டது; கொன்றவருக்கு அரசாங்கமே வெகுமதி வழங்கிற்று. விடுதலைக்குப் பின்னரும் இவ்வழக்கம் நீடித்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே அதற்கு முடிவு கட்டியது.

இப்பழிக்குக் காரணம் யாது? புலியும் சிறுத்தையும் பெரும்பாலும் இரையின் தொண்டையைக் கவ்வி மூச்சடக்கிக் கொல்கின்றன. செந்நாயின் எடையோ ஏறத்தாழ 12 முதல் 20 கிலோகிராம் வரையே. கடமானைத் தனித்து வீழ்த்துதல் அதற்கு அரிது. ஆகவே அது கூட்டமாகத் துரத்தி, ஓடும் இரையைப் பின்புறத்திலும் விலாவிலும் கடித்து வீழ்த்துகிறது. உயிர் பிரியுமுன்பே உண்ணவும் தொடங்குகிறது. இதனைக் கண்ட வேட்டைக்காரர் அதனைக் கொடிய விலங்கு என்றனர். ஆயின், அவருட் பலர் கொம்புக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மான்களைச் சுட்டவரே. மானைத் தம் உடைமையாக எண்ணியவர்க்குச் செந்நாய் போட்டியாகத் தோன்றியது.

வேறு வழியிருந்தும் பிற உயிரைத் துன்புறுத்துவதே கொடுமை. செந்நாய்க்கு வேறு வழியில்லை. துப்பாக்கி ஏந்தியவனுக்கு உண்டு. எனவே அறத்தைப் பற்றிய வினா மனிதனை நோக்கியே எழும்.

1970-களில் பந்திப்பூர்க் காட்டில் ஏ. ஜே. டி. ஜான்சிங் செய்த கள ஆய்வு இவ்விலங்கின் மறுபுறத்தைக் காட்டியது. வேட்டையினின்று திரும்பும் செந்நாய்கள் தாம் உண்ட இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டுகின்றன. கூட்டத்தின் பிற உறுப்பினரும் இப்பணியில் பங்கு கொள்கின்றனர்.

இன்று செந்நாய் உலக அளவில் அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. இனப்பெருக்கம் செய்யும் பருவத்தில் உள்ளவை 2,500-க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. காடு சுருங்குதலும், இரை விலங்குகள் குறைதலும், ஊர் நாய்களினின்று பரவும் நோய்களும் இதற்குக் காரணங்கள்.

ஆயினும், ஆட்டையோ கன்றையோ இழந்த ஏழையின் துயரும் உண்மையானதே. அத்துயரைப் புறக்கணித்து அறம் பேசுதல் பயன் தராது. கள ஊழியர் தாமதமின்றிச் சென்று இழப்பைச் சரிபார்த்து, உரிய ஈட்டுத்தொகை கிடைக்க உதவுதல் வேண்டும். அங்ஙனம் செய்யின், இறந்த கால்நடையின் உடலில் நஞ்சு வைக்கும் எண்ணம் குறையும். ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடச் செய்வதும் செந்நாய்க்குப் பாதுகாப்பாகும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தின் இறுதியில் மாணவரிடம் ஒரு வினாவை எழுப்பலாம்: பசிக்காகக் கொல்லும் விலங்கு, வெகுமதிக்காகக் கொல்லும் மனிதன் ஆகிய இருவருள் 'கொடிய' என்னும் சொல் யாருக்குப் பொருந்தும்? விடையை மாணவரே ஆராய்ந்து கூறுதல் நன்று.