மீட்டரை மாற்றுவதா, ஒயரைப் பார்ப்பதா?

படகு எஞ்சினின் டிஜிட்டல் மீட்டர் திடீரென்று இருண்டுபோனால், புது மீட்டர் வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் மீட்டருக்கு முன்னால் கெடுவது பெரும்பாலும் ஒயர் முனைதான். அந்த முனையில் உள்ள லக்கைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

மொத்தத் திரையும் அணைகிறதா, திரை எரிந்தும் எண்கள் வரவில்லையா, ஒரே ஓர் அளவு மட்டும் தப்பாகக் காட்டுகிறதா? எந்த வழியில் போவது என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

மொத்தமும் அணைந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். சுவிட்சைப் போட்டு மீட்டரின் பின்புறமும் அளந்து பாருங்கள். அங்கே ஒரு வோல்ட் குறைந்தால் ஃபியூஸ் பிடிப்பிலோ எர்த்திலோ கோளாறு. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அணைந்து எரிந்தால், பேட்டரி தளர்ந்திருக்கலாம். அரித்த முனையை வெட்டி, ஈயம் பூசிய செம்பு ஒயரில் புது லக் அடித்தால் போதும். மூன்று வழிகளில் செலவு குறைந்தது இதுதான்.

திரை எரிகிறது, எண்கள் மட்டும் வரவில்லை என்றால் நெட்வொர்க்கைச் சோதியுங்கள். படகுக் கருவிகளை இணைக்கும் என்எம்இஏ 2000 முதன்மைக் கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெள்ளை ஒயருக்கும் நீல ஒயருக்கும் இடையே அளந்தால் 60 ஓம் அளவில் காட்டும். 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் கழன்றிருக்கிறது.

ஓர் அளவு மட்டும் தவறினால் சென்சாரைச் சந்தேகப்படலாம். டீசல் டேங்க் மிதவையில் இரண்டு வகை உண்டு. அமெரிக்க வகை காலியில் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய வகை காலியில் 10, நிறைந்தால் 180. மீட்டர் ஒரு வகை, மிதவை வேறு வகை என்றால் காலி டேங்க் நிறைந்ததாகத் தெரியும். நடுக்கடலில் டீசல் தீர்ந்து நிற்க வேண்டியதுதான். மீட்டர், மிதவை எதை வாங்கினாலும் இந்த ஓம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மீட்டரை எப்போது மாற்றலாம்? இரட்டை எஞ்சின் படகில் ஒரே மாதிரி மீட்டர்கள் தனித்தனியே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் மீட்டர்தான் கெட்டது.

புதிதாக வாங்கும்போது டிஜிட்டலையே வாங்கலாம். ஆனால் ஆயில் பிரஷருக்கு மின்சாரம் வேண்டாத முள் மீட்டர் ஒன்றையும் எஞ்சின் பக்கத்திலேயே பொருத்துங்கள். ஓட்டும் இடம்வரை ஆயில் குழாயை இழுக்காதீர்கள். உடைந்தால் ஆயில் அத்தனையும் வெளியே போய்விடும்.

கடலில் இருக்கும்போது சூடு அலாரம் அடித்தால், மீட்டர் பொய் சொல்கிறது என்று அதன் ஒயரைப் பிடுங்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் வெளியே விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள்.