முதல் பட்டர் வாங்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

"பட்டர் வாங்கணும் மாமா, பத்தாயிரம் ஆகும்" என்று நீ போனில் சொன்னது உன் பாட்டி காதில் விழுந்துவிட்டது. "அப்படி என்ன வெண்ணெயாம் அது?" என்று கேட்டாள். கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கோலுக்குத்தான் அந்தப் பெயர் என்றேன். "உருட்டுறதுக்குப் பத்தாயிரமா?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் பார் 72, அதாவது ஒரு சுற்றுக்கு 72 அடிகள் என்று கணக்கிட்ட மைதானத்தில், 18 குழிக்கும் தலா இரண்டு வீதம் 36 அடிகள், அதாவது சரிபாதி, இந்த உருட்டலுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதனால் காசைப் பற்றிக் கவலைப்படாதே, தேர்வைப் பற்றிக் கவலைப்படு.

தோற்றமா, கைக்குக் கிடைக்கும் உணர்வா, தொழில்நுட்பமா என்று கேட்டிருந்தாய். மூன்றையும் பார்க்க வேண்டியதுதான். எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

தோற்றத்தில் தொடங்கு. கடைச் சுவரில் சாய்ந்திருக்கும்போது தெரிகிற பளபளப்பைச் சொல்லவில்லை. பந்துக்குப் பின்னால் வைத்துவிட்டுக் குனிந்து பார்க்கும்போது அது உன் கண்ணுக்கு நேராக நிற்கிறதா என்பதே கேள்வி. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிபடும் நொடியில் பட்டரின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். குழியின் விட்டம் 10.8 செ.மீ. மூன்று மீட்டர் தூரத்தில் முகம் ஒரு டிகிரி திரும்பினால் பந்து 5 செ.மீ.க்குச் சற்று மேல் விலகிவிடும். நடுவிலிருந்து விளிம்பு வரை இருப்பதே 5.4 செ.மீ.தான்! ஒரு டிகிரியில் பந்து விளிம்பில் ஊசலாடும். இரண்டு டிகிரியில் எட்டிக்கூடப் பார்க்காது.

இதைச் சோதிக்க ஒரு நூல்கண்டு போதும். மூன்று மீட்டரில் ஒரு நாணயத்தை வை. பந்துக்குப் பின்னால் பட்டரை வைத்துக் குறிபார்த்துவிட்டு அசையாமல் நில். நண்பனை விட்டுப் பந்திலிருந்து நாணயம் வரை நூல் பிடிக்கச் சொல். முகம் நூலுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார். ஐந்தாறு வடிவங்களில் இப்படிச் செய்தால், எதை உன் கண் நேராக வைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நான் முதலில் வாங்கியது மெல்லிய தகடு போன்ற, கண்ணைப் பறிக்கும் பட்டர். மூன்று மாதம் பந்து குழிக்கு வலப்புறமே போனது. கையைத் திட்டினேன், முதுகைத் திட்டினேன். நூல் பிடித்துப் பார்த்த அன்றுதான், தொடக்கத்திலிருந்தே நான் அதை வலப்புறம் திருப்பி வைத்திருந்தது புரிந்தது. அழகு பிறர் பார்ப்பதற்கல்ல என்பதற்கு கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் சாட்சி. 1986 மாஸ்டர்ஸ் போட்டிக்கு அவர் கொண்டுவந்தது அளவுக்கு மீறிப் பெரிய தலையுள்ள பட்டர். 46 வயதில் பட்டம் அவருக்குத்தான்.

அடுத்தது உணர்வு. அதில் பாதி கை, பாதி காது. நம்பாவிட்டால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அடித்துப் பார். அதே பட்டர் வேறு பட்டர் போலிருக்கும். கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1959இல் தன் கார் கொட்டகையில் செய்த பட்டர், பந்தில் பட்டதும் "பிங்" என்று ஒலித்தது. அதுவே அவர் நிறுவனத்தின் பெயராயிற்று. உனக்கு மெத்தென்ற ஒலி பிடிக்கலாம், கணீரென்பது பிடிக்கலாம். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் குழிக்குப் பத்துப் பந்து உருட்டு. எந்தப் பட்டரில் பந்துகள் ஒன்றுக்கொன்று அருகில் வந்து நிற்கின்றனவோ, உன் கைக்கு ஏற்ற எடையும் ஒலியும் அதில்தான்.

தொழில்நுட்பம் கடைசி. உன் குறை எது என்று தெரிந்த பிறகுதான் அதற்கு மருந்து. கழைக்கூத்தாடியின் நீண்ட கழி ஏன் எளிதில் சுழல்வதில்லை? அதன் எடை இரு முனைகளில் பரவியிருப்பதால். சோல்ஹைமும் பட்டர் தலையின் இரு முனைகளுக்கு எடையைத் தள்ளினார். நடுவில் படாத பந்தும் ஓரளவு நேராகப் போயிற்று. இன்றைய பெரிய 'மாலட்' தலைகள் அதே யோசனையின் வளர்ச்சிதான்.

இன்னொரு சோதனை: தண்டைக் கிடையாக ஒரு விரலில் நிறுத்து. தலையின் நுனி தரையை நோக்கித் தொங்கினால், வில் போல் வளைந்து வீசுபவர்களுக்குப் பொருந்தும் என்பார்கள். முகம் வானத்தைப் பார்த்தால், நேர்கோட்டில் வீசுபவர்களுக்கு. முகம் திரும்பவே முனையாத 'ஜீரோ டார்க்' பட்டர்களும் இப்போது வந்துவிட்டன. கோல்ஃப் வீரர் ஜே. ஜே. ஸ்பான் 2025 யூ.எஸ். ஓப்பன் போட்டியின் கடைசிக் குழியில், ஓக்மாண்ட் மைதானத்தில், 64 அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிப் போட்டது அப்படி ஒன்றால்தான். அதற்காக நீயும் ஓடிப்போய் அதையே வாங்காதே. உன் நூல் சொல்லட்டும்.

நீளத்தையும் பார்த்துக்கொள். 33 முதல் 35 அங்குலம் வரைதான் வழக்கம். குனிந்து நின்று மூக்குத் தண்டிலிருந்து ஒரு பந்தைக் கீழே விடு. தரையில் உள்ள பந்தின் மேலோ, சற்று உன் பக்கமாகவோ விழுந்தால் சரி.

வாங்கியபின் ஒரு வருடம் மாற்றாதே. தவறவிட்ட ஒவ்வொரு பந்துக்கும் கோலைக் குற்றம் சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் கோல்தான் சேரும். கடைக்குப் போகும்போது பணத்தை மறந்தாலும் அனுப்பி வைக்கிறேன், நூல்கண்டை மறந்துவிடாதே.

அன்புடன்,
மாமா