பர்சிலாவுக்குப் பரிமாறுவது எப்படி?

தியானப் பகுதி: 2 சாமுவேல் 17:27-29, 19:31-39



சில வருஷங்களுக்கு முன்னே, என் மகளின் பிறந்தநாளுக்கு நம்ம மலையிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு கொடுத்தோம். இலை போட்டுச் சோறும் வைத்தாயிற்று. பிறகு பாட்டு, சாட்சி, ஜெபம், போட்டோ என்று அரைமணி நேரம் போய்விட்டது. முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், "பாஸ்டர், சோறு ஆறிப்போச்சு. இப்ப சாப்பிடலாங்களா?" என்று கேட்டார். தன் வீட்டில் பத்துப் பேருக்குச் சோறு போட்டவர் அவர். அவரை அனுமதி கேட்க வைத்தவன் நான்தான். அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பர்சிலாவைப் பாருங்கள். அப்சலோமுக்குத் தப்பி, களைத்துப்போய் வந்த தாவீதுக்கும் ஜனங்களுக்கும் மக்னாயீமிலே கோதுமை, பயறு, தேன், வெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தவர்களில் அவர் ஒருவர். பிற்பாடு ராஜா அவரை எருசலேமுக்கு அழைத்து, தம்மிடத்தில் வைத்துப் பராமரிக்க விரும்பினார். அப்போது அவருக்கு வயது 80. நாக்குக்கு ருசி தெரியவில்லை, பாட்டுச் சத்தம் காதில் விழவில்லை, என் ஊருக்கே போகிறேன் என்றார். தாவீது கட்டாயப்படுத்தவில்லை, முத்தமிட்டு, ஆசீர்வதித்து அனுப்பினார். கொடுக்கிறவர் ராஜா, ஆனாலும் வாங்குகிறவருடைய விருப்பமே நின்றது!

இல்லங்களுக்குப் போகிறவர்களும், வீட்டில் பெரியவர்களை வைத்திருக்கிறவர்களும் கவனியுங்கள்:

1. கேட்டுப் போடுங்கள். "அய்யா, சாதமா கஞ்சியா?" என்று கேளுங்கள. வேண்டாமென்றால் திணிக்காதீர்கள், சற்றுப் பொறுத்து மறுபடி கேளுங்கள். தொடர்ந்து மறுத்தால் பல்வலியா, வாய்ப்புண்ணா, மருந்தினாலா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

2. குழைய வேகவையுங்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானையில் வைத்த பருப்பு லேசில் வேகாது. பல்லில்லாதவர்களுக்குக் குக்கரில் வையுங்கள். மசித்துக் கொடுத்தாலும் சாதம், பருப்பு, காய் எல்லாவற்றையும் ஒரே கூழாக்காமல் தனித்தனியே வையுங்கள். எதைச் சாப்பிடுகிறோம் என்று அவருக்குத் தெரியட்டும்.

3. உட்கார்ந்து ஊட்டுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து வாங்குவார். அப்போது சாப்பாடு மூச்சுக்குழாயில் போய்விடலாம். அவரை நிமிர உட்காரவைத்து, நீங்களும் எதிரே உட்காருங்கள். சின்ன ஸ்பூன் போதும். ஒரு வாய் இறங்கின பிறகே அடுத்த வாய். சாப்பிட்டதும் அரைமணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. தானாய்ச் சாப்பிடுகிறவரின் கையைத் தடுக்காதீர்கள். கை நடுங்கிச் சிந்தினால் சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம். "சமத்தா சாப்பிடு" என்று குழந்தையிடம் பேசுகிறமாதிரி பேசவேண்டாம். கை கழுவ இந்தக் குளிரில் வெந்நீர் கொடுங்கள்.

5. சாப்பிடுகிற வாயைப் போட்டோ எடுக்காதீர்கள்.

2007-ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்பதில் உணவையும் சேர்த்திருக்கிறது. ஒரு பெரியவர் பட்டினி கிடப்பது தெரிந்தால் 14567 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லலாம். ஆனால் எப்படிப் பரிமாறுகிறோம் என்பது நம்முடைய பொறுப்பு.

மறு வருஷம் அதே இல்லத்துக்குப் போனோம். சுருக்கமாய் ஸ்தோத்திரம் சொல்லி, சூடாகவே பரிமாறினோம். அந்தப் பெரியவருக்குப் பக்கத்தில் நானும் இலை போட்டு உட்கார்ந்தேன். பாதிச் சாப்பாட்டில் அவர் திரும்பி, "தம்பி, ரசம் இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க" என்றார். இந்தமுறை அவர் அனுமதி கேட்கவில்லை. ஸ்தோத்திரம்!